பதினோரு மணி நேரம் பூட்டிய வீட்டில் இரண்டு சின்ன நாய்கள்

கேள்வி: வியாசர்பாடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்குப் பூட்டினால் மாலை ஏழுக்குத்தான் திறப்போம். நாலு வயது ஆண் ஸ்பிட்ஸ் ஒன்றும், கடையில் வாங்கிய ஐந்து மாதப் பெண் ஷிட்சூ குட்டி ஒன்றும் வளர்க்கிறோம். சாயங்காலம் கதவைத் திறந்தால் ஹால் முழுக்க ஈரம். சிறுநீரை உறிஞ்சுவதற்காக விரித்துவிட்டுப் போகும் பேட் ஷீட்டைக் குட்டி கிழித்துப் போட்டுவிடுகிறது. பெரியவன் கட்டில் காலிலும் பீரோ மூலையிலும் காலைத் தூக்குகிறான். மூக்கைத் தரையில் தேய்த்துத் திட்டியும் பார்த்தாகிவிட்டது. பகலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகிறோம், அப்படியும் நிற்கவில்லை. மூன்று வேளை பினாயில் போட்டுத் துடைத்தாலும் வாடை போகவில்லை, வீட்டுக்காரம்மா சத்தம் போடுகிறார்கள். ராத்திரி எட்டு மணி நேரம் அடக்குகிற நாய் பகலில் ஏன் அடக்க மாட்டேன் என்கிறது?

பதில்:

முதல் வேலையாகத் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள். மற்றதையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இது இன்றைக்கே நடக்க வேண்டும். நாய்க்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஐம்பதிலிருந்து அறுபது மில்லி தண்ணீர் தேவை. ஆறு கிலோ ஸ்பிட்ஸுக்கு முந்நூறு மில்லிக்கு மேல், மூன்று கிலோ குட்டிக்கு நூற்றைம்பதுக்கு மேல். உலர் தீவனம் சாப்பிடுகிற நாய்க்கும் வெயில் காலத்துக்கும் இன்னும் கூடும். தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீர் நின்றுவிடாது, கெட்டியாகும். கெட்டியான சிறுநீர் பையில் மணிக்கணக்காகத் தேங்கினால் நோய்த்தொற்றும் கல்லும் வர வழி. ஷிட்சூ சிறுநீர்ப்பைக் கல் அதிகம் வருகிற இனங்களில் ஒன்று. கெட்டியான சிறுநீரில் வாடையும் அதிகம், வீட்டுக்காரம்மாவின் புகாருக்கு அதுவும் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே, ஷிட்சூ மூக்கு சப்பையான நாய். மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், அது அதற்குச் சரியாக வராது. மே மாதத்தில் மூடிய மாடி வீட்டில் தண்ணீரும் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. கவிழ்க்க முடியாத கனமான பீங்கான் கிண்ணமாக இரண்டு வையுங்கள், ஃபேன் ஓடட்டும்.

இரவையும் பகலையும் ஒப்பிடாதீர்கள். தூக்கத்தில் உடம்பு சிறுநீரைக் குறைவாக, கெட்டியாகச் சுரக்கும். நாய் நடக்காது, குடிக்காது. பகலில் மாடிப்படியில் காலடி கேட்டாலே எழுந்து ஓடும், குலைக்கும், தண்ணீர் குடிக்கும், உடனே முட்டும். குட்டிகளுக்கு நாங்கள் சொல்கிற கணக்கு: எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் மேல்வரம்பு. ஐந்து மாதக் குட்டிக்கு ஆறு மணி நேரம், அதுவும் நன்றாகப் பழகிய குட்டிக்கு. உங்கள் குட்டிக்கு நாலு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சின்ன நாய் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஆறுக்குள் விட்டால் நல்லது. பதினோரு மணி நேரம் எந்த நாயிடமும் கேட்கக் கூடாத ஒன்று. ஆகவே அடக்கப் பழக்குவதை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே ‘இங்கே போகலாம்’ என்று ஓர் இடத்தைக் கொடுத்து, அந்த இடத்துக்குப் பழக்குவதுதான் இனி உங்கள் வேலை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பால்கனி முதலில் நினைவுக்கு வரும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் வேண்டாம். நாய் கழிப்பதற்காக அங்கே விரிக்கிற பிளாஸ்டிக் புல் மதிய வெயிலில் பாதம் வைக்க முடியாத அளவு சுடும். கிரில் இடைவெளியில் குட்டி தலையை நுழைத்துவிடும், கோழி வலை அடிக்காமல் விடவே கூடாது. மொட்டை மாடியும் வேண்டாம். துணி காய்கிற இடத்தில், தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடத்தில் நாயை விட்டால் மற்ற குடித்தனக்காரர்கள் பேசுவது நியாயம்தான். குளியலறை நம் வீடுகளுக்கு நல்ல இடம். தரை சரிவாக இருக்கும், ஜாலி வழியாக நீர் ஓடும், கழுவுவது சுலபம். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல் வைக்க வேண்டும். ஆசிட், பினாயில், சோப்புத்தூள் எல்லாம் மேல் பரணுக்குப் போக வேண்டும், வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். நீங்கள் கிளம்புவதற்கு முன் தரை காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சின்ன நாய்கள் ஈரத் தரையில் கால் வைக்காது, வாசலோடு திரும்பிவிடும். குளியலறை ஒன்றுதான், அதுவும் எப்போதும் ஈரம் என்றால் ஹாலின் ஒரு மூலையே போதும். சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும், சாப்பிடும் இடத்துக்கருகே நாய் கழிக்க விரும்பாது.

குட்டிக்கும் பெரியவனுக்கும் இடம் தனித்தனியாக வேண்டும். பெரியவன் அடையாளம் வைத்த இடத்தில் குட்டி போகத் தயங்கும்.

குட்டியை முழு ஹாலில் விட்டுப் போகாதீர்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு அடைப்பு போதும். கடையில் விற்கும் கம்பித் தடுப்பு வாங்கலாம், சுவர் மூலையை இரண்டு பிளைவுட் பலகையால் அடைத்தாலும் சரி, உயரம் இரண்டடி இருந்தால் ஏறாது. ஒரு கோடியில் இரண்டடிக்குப் படுக்கையும் தண்ணீரும். மீதி நாலடியில் அறுபதுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் பேட் இரண்டு விரித்தால் தரை தெரியாமல் மூடிவிடும். முதல் வாரம் குட்டி எங்கே போனாலும் பேட் மேல்தான் போகும், அதுதான் நமக்கு வேண்டியது. பாதத்துக்கு அடியில் எந்தப் பரப்பு இருக்கும்போது சிறுநீர் கழித்ததோ அந்தப் பரப்பையே குட்டி பிறகும் தேடிப் போகும். எட்டுப் பத்து நாளில் படுக்கையிலிருந்து தூரமான கோடியையே அது தேர்ந்தெடுப்பது தெரியும். அப்போது படுக்கைப் பக்கத்து பேட்டை எடுத்துவிடுங்கள். வெறும் தரையில் போய்விட்டால் கோபப்பட வேண்டாம், மறுபடி இரண்டு பேட், இன்னும் ஒரு வாரம்.

கடையில் வாங்கிய குட்டி என்பதைக் கவனித்தேன். கம்பிக் கூண்டில் பல வாரம் இருந்த குட்டிக்கு, படுத்த இடத்திலேயே கழிப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்ற இயல்பான கூச்சம் அதற்கு மங்கிப்போயிருக்கும். அந்தக் குட்டிகளுக்கு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காலம் ஆகும். ஆனால் கட்டாயம் பழகும்.

பேட்டைக் கிழிப்பதற்குக் காரணம் பல். நாலிலிருந்து ஏழு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடிக்க வேண்டும். பேட்டுக்குள் இருக்கிற ஜெல் தூள் தண்ணீரை உறிஞ்சி உப்பக்கூடியது. கொஞ்சம் நக்கினால் பயமில்லை, துண்டு துண்டாக விழுங்கினால் குடல் அடைக்கும். ஆகவே மேலே கம்பி வலைபோன்ற பிளாஸ்டிக் தட்டு உள்ள ட்ரேயாக வாங்கி, பேட்டை அதன் அடியில் போடுங்கள். ட்ரேயின் நீளம் நாயின் உடம்பு நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், நாய் ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்காரும். சின்ன ட்ரே வாங்கினால் முன்னங்கால் உள்ளே, பின்பக்கம் வெளியே. தவறு நாயுடையது என்று நினைப்போம். ட்ரே வரும்வரை பழைய ஃப்ளெக்ஸ் பேனர் துண்டை விரித்து, மேலே ஏழெட்டு மடிப்பு செய்தித்தாள் போட்டு, ஓரங்களை டேப்பால் ஒட்டிவிடுங்கள். செய்தித்தாளிலேயே நிரந்தரமாகப் பழக்க வேண்டாம், பிறகு தரையில் கிடக்கிற பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் அதற்குக் கழிப்பிடமாகிவிடும். கடிப்பதற்கென்று தனியாக, நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த பழைய துண்டு ஒன்று கொடுத்துப் பாருங்கள். இதை நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

பெரியவனின் கதை வேறு. அவன் கழிக்கவில்லை, ‘இது என் இடம்’ என்று குறி வைக்கிறான். ஒவ்வொரு இடத்திலும் சில சொட்டு, அதுவும் நிமிர்ந்து நிற்கிற பொருளின் மேல். புதுக் குட்டி வந்த பிறகு இது கூடியிருந்தால் ஆச்சரியமில்லை. அவனுக்குத் தட்டையான ட்ரே மட்டும் வைத்தால் ஓரத்தில் நின்று சுவரை நனைப்பான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மணல் நிரப்பி மூடி, பேட் துண்டால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ட்ரே நடுவில் நிறுத்துங்கள். பின் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸை ஒட்டிவிடுங்கள். அவன் சிறுநீரில் நனைந்த காகிதத் துண்டு ஒன்றைப் பாட்டிலில் சுற்றி வைத்தால் வழி தெரிந்துகொள்வான். கட்டில் காலை நன்றாகக் கழுவிவிட்டு, அவன் பாயையோ சோற்றுத் தட்டையோ அதன் பக்கத்திலேயே சில வாரம் வையுங்கள். தின்கிற, படுக்கிற இடத்தில் நாய் சாதாரணமாகக் குறி வைக்காது. கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களுக்கு இந்தப் பழக்கம் குறையும். நாலு வருஷம் ஊறிய பழக்கம் முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனாலும் செய்யச் சொல்வேன். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணி டயப்பர் விற்கிறார்கள், அதை நீங்கள் இல்லாத பதினோரு மணி நேரமும் போட்டுவிடாதீர்கள். ஈரம் தங்கித் தோல் வெந்துவிடும்.

இனி, பழக்கும் முறை. ஒரு சனி, ஞாயிறு முழுக்க வீட்டில் இருங்கள், முடிந்தால் முன்னும் பின்னும் ஒரு நாள் லீவு போடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில், விளையாடி முடித்ததும், இவை போக இரண்டு மணிக்கு ஒரு தரம் குட்டியைக் கயிற்றில் பிடித்து ட்ரேக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போய்ச் சும்மா நில்லுங்கள், கொஞ்ச வேண்டாம், ஃபோன் பார்க்க வேண்டாம். அது மோந்து சுற்ற ஆரம்பிக்கும்போது ‘உச்சா போ’ என்று ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். போய் முடித்த அடுத்த நொடி, அந்த இடத்திலேயே, பட்டாணி அளவு வேகவைத்த கோழிக்கறி. உப்பு, மசாலா கூடாது. சமையலறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால் சமையலறைக்கு ஓடி வந்ததற்குப் பரிசு என்றுதான் அது புரிந்துகொள்ளும், அதனால் கறித் துண்டு உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் அடைப்புக்குள்ளோ உங்கள் மடியிலோ பத்து நிமிடம், பிறகு மறுபடி. இடையில் ஹாலில் அவிழ்த்துவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் சோபாவுக்குப் பின்னால் போயிருக்கும்.

மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு முன் போனதற்கும் இப்போது வாங்கும் திட்டுக்கும் நாய் முடிச்சுப் போடாது. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்த மனிதர்கள் பார்க்கும்போது போகக் கூடாது. அதனால்தான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகிறது, ட்ரே முன்னால் நீங்கள் நின்றால் அடக்கிக்கொள்கிறது. ‘தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்’ என்று பலரும் சொல்வார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தப்பே செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே குற்ற முகத்தைக் காட்டியது. அந்த முகம் உங்கள் கோபத்துக்குப் பணிந்து போவது. கண்ணெதிரே தவறான இடத்தில் உட்கார்ந்தால் மெல்லக் கை தட்டி, தூக்கிக்கொண்டு ட்ரேக்குப் போங்கள், மீதியை அங்கே முடித்தால் கறித் துண்டு கொடுங்கள்.

சாப்பாட்டு நேரம் கடிகாரம்போல இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் தானாக ஒழுங்காகும், வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் ஏழரைக்குச் சோறு வைத்தால் எட்டே காலுக்குப் பூட்டிய வீட்டில்தான் போகும். ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு தரம் ட்ரே, ஆறு மணிக்குச் சாப்பாடு, ஆறு இருபதுக்கு ட்ரே, ஏழே முக்காலுக்குக் கடைசியாக ஒரு தரம். மாலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்ததும் நேராக ட்ரே, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு மறுபடி ட்ரே, படுக்கும் முன் பத்தரைக்கு ஒரு தரம். பாலும் பால் பிஸ்கட்டும் கொடுக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பல நாய்களுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, மலம் இளகிவிடும். இளகிய மலத்தை எந்த நாயாலும் அடக்க முடியாது.

மதியம் ஒரு மணிக்கு ஒருவர் வர வேண்டும். இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து மாதக் குட்டிக்கு மூன்று வேளைச் சாப்பாடும் அவசியம், ஆறு மாதம் தாண்டியபின் இரண்டு வேளையாக்கலாம். பக்கத்து போர்ஷன் அக்காவோ, கீழ்வீட்டுப் பாட்டியோ, பாத்திரம் தேய்க்க வருகிறவரோ, பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். சும்மா உதவி என்றால் பத்து நாளில் நின்றுவிடும். வருகிறவருக்கு மூன்றே வேலை: உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகே குட்டியின் அடைப்பைத் திறப்பது, குட்டிக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு இரண்டையும் ட்ரேக்குக் கூட்டிப்போவது, நனைந்த பேட்டை மாற்றித் தண்ணீர் ஊற்றுவது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கும்போதே வரச் சொல்லிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்பிட்ஸ் குலைத்தே அவரைத் துரத்திவிடும். சாவி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கட்டும். கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி நீங்கள் சுற்றிக்கொண்டு வருகிற நாளில் பதினோரு மணி நேரம் பதிமூன்றாகும்.

இப்போது வாடை. பினாயில் வாடையை மூடுகிறதே தவிர எடுப்பதில்லை. கருப்புப் பினாயில் நாய்க்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் வாயில் நுரை தள்ளும், வாந்தி எடுக்கும், நாக்கு புண்ணாகும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் கொட்டினால் சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணும் தொண்டையும் எரிகிற வாயு கிளம்பும், மூடிய வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சிறுநீரில் இருக்கிற யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக உடைப்பதால்தான் நேரம் ஆக ஆக நாற்றம் ஏறுகிறது. நாற்றம் மிச்சமிருக்கும் இடத்தை நாய் கழிப்பிடம் என்றே படிக்கும். செய்ய வேண்டியது: பழைய துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, பினாயில் மிச்சமும் போன பிறகு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை (சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) ஊற்றி, காய்ந்துவிடாமல் மேலே ஈரத்துணி போட்டு, பதினைந்து நிமிடம் விட்டுத் துடைப்பது. தெளித்த உடனே துடைப்பதால்தான் ‘அது வேலை செய்யவில்லை’ என்று பலரும் சொல்கிறார்கள். வினிகர், எலுமிச்சை எல்லாம் மொசைக்கையும் மார்பிளையும் அரிக்கும், வாடகை வீட்டில் அது வேறு தகராறு. விரிசல் விட்ட சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை உறிஞ்சி வைத்திருக்கும், மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். மலத்தைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். பேட்டைப் போடாதீர்கள், ஜெல் உப்பிக் குழாயை அடைத்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, நாப்கின் போடுவதுபோலத் தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

குட்டியின் அடிவயிறு, தொடை, பின்பக்க முடியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி வைத்திருங்கள். நீள முடியில் சிறுநீர் தோய்ந்து சிக்குப் பிடித்தால் உள்ளே தோல் வேகும், ஈ மொய்க்கும், நம் ஊர் வெக்கையில் புழு வைக்கவும் நேரம் ஆகாது. காலையில் ஒரு நடை கூட்டிப் போவது நல்லதுதான். தெரு நாய்கள் இருக்கிற முனையைத் தாண்டும்வரை குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள், தடுப்பூசித் தொடர் முடியாமல் தரையில் விடாதீர்கள், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைநீர் தேங்கியிருந்தால் எந்த நாயையும் இறக்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வரும், மனிதருக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசி வருஷா வருஷம் போட வேண்டியது, கேட்டுப் போடுங்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

இவ்வளவும் செய்வதற்கு முன் இரண்டு நாய்க்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். தண்ணீரில்லாமல் வளர்ந்த நாட்களுக்குப் பிறகு தொற்று இருக்கிறதா என்று தெரியாமல் பழக்க ஆரம்பித்தால், நோயைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுவோம். காலையில் முதல் தரம் போகும்போது, கொதிநீரில் அலசிக் காயவைத்த குழிக்கரண்டியைப் பின்பக்கமிருந்து மெல்ல நீட்டுங்கள். முதல் சில சொட்டை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள், ஐந்து மில்லி போதும். மருந்துக்கடையில் வாங்கிய சுத்தமான டப்பாவில் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான், மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனை திரு.வி.க. நகரிலும் இருக்கிறது. அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீர் சிவந்திருந்தாலோ, பழகிய நாய் திடீரென்று மறந்ததுபோல நடந்தாலோ அன்றே காட்டுங்கள். ஆண் நாய் காலைத் தூக்கி முக்கியும் ஒன்றும் வரவில்லையென்றால் கல் அடைத்திருக்கலாம், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.